கை வைக்கக்கூடாத கார்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாத மனிதர் ஒருவர்தான்: சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அந்தரம் அண்ணை. முடிவெட்டப் போனால் பாதியில் துண்டோடு எழும்பி, வாசலில் நிற்கும் யாருடையதோ மோட்டார் சைக்கிள் செயினை இறுக்கிவிட்டு வந்துதான் மறுபாதியை வெட்டுவிப்பார். எந்நேரமும் அந்தரப்பட்டுப் பறப்பதால் ஊர் வைத்த பட்டம் அது; அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்ததோ கை வைக்கவே கூடாத போட்டியில். பருத்தித்துறைப் பக்கத்து வெளியொன்றில் பிளாஸ்டிக் கூம்புகளை நட்டுவைத்து, அவற்றுக்கிடையே காரை நெளித்து நெளித்து ஓட்டவேண்டும். குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. ஆனால் அண்ணை பெயர் கொடுத்த பிரிவில், கார் கொம்பனி விட்டபடியே இருக்கவேண்டும். டயர்க் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், உள்ளே கிடக்கும் தட்டுமுட்டுகளை இறக்கலாம். மற்றபடி எதைப் பூட்டினாலும் குற்றம், கழற்றினாலும் குற்றம்.

தன் தங்கையின் கல்யாணவீட்டுக்கே எஞ்சின் ஒயில் படிந்த கையோடு வந்த மனிதரை, அவர் மனைவி கமலா அக்கா எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"இந்தமுறை முதல் மூண்டு இடத்துக்குள்ளை வராட்டி உந்தச் சிவப்புக் காரை வித்துப்போடோணும். ஓமோ?"

"ஓம்" என்றார் கணவர், காருக்கு அடியிலிருந்து.

குடை, பாய், ஒற்றைச் செருப்பு, இரண்டு தேங்காய் எல்லாம் இறங்கின. அதோடு விட்டாரா? பாரம் குறையட்டும் என்று பின்சீற்றையும் கழற்றிவிட்டார்.

"அண்ணை, அது குற்றமெல்லோ?" என்றேன்.

"நீ சும்மா இரடா. ஆர் பின்னுக்குப் பாக்கப் போறான்?"

பரிசோதகர் முதலில் பார்த்ததே பின்னுக்குத்தான். இப்படி நடக்கும் என்று தெரிந்து, சீற்றை என் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். வியர்க்க விறுவிறுக்கப் பூட்டினோம். அதற்கிடையில் அண்ணை ஏழு தரம் டயர்க் காற்றை அளந்தார்.

ஓடினார் பாருங்கள்! சனம் வாயைப் பிளந்தது. கடைசி வளைவில் வேலிக்கு அப்பால் கோபுரம் தெரிந்தது. எங்கள் ஊரில் கோயிலைக் கண்டால் பஸ்காரனும் ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சைத் தொடுவான். அண்ணையின் கையும் எழும்பியது. கூம்பு ஒன்று சரிந்தது. அதற்குத் தண்டமாக இரண்டு விநாடி கூட்டினார்கள். நாலாம் இடம்.

"ஏன் அண்ணை கையை எடுத்தனீங்கள்?"

"நான் எங்கையடா எடுத்தனான்? அது தன்ரைபாட்டிலை போயிட்டுது."

கமலா அக்காவுக்கே மனம் இளகிவிட்டது. "கும்பிட்டதுக்கு என்ன செய்யிறது? கார் நிக்கட்டும்" என்றார். அண்ணை கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்காக அந்தக் கிழமையே காரை அச்சுவேலிக்காரர் ஒருவருக்கு விற்றார்.

பத்து நாள் கழித்து அக்கா என் படலையைத் தட்டினார்.

"தம்பி, உவர் காலமை தொடக்கம் சும்மா நிக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு."

உடனே என் காரைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தி, "அண்ணை, முன்பக்கம் ஏதோ கடகடக்குது" என்றேன். மனிதர் சறத்தை மடித்துக்கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கார் அவருடைய முற்றத்தில்தான். போன கிழமை கீச்சுச் சத்தம், அதற்கு முதல் கிழமை உறுமல். உண்மையில் என் காரில் ஒரு சத்தமும் இல்லை. வருகிற சனிக்கிழமைக்கு என்ன சத்தம் சொல்வதென்றுதான் இப்போது மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன்.