பதினோராவது விதி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. இங்கே நலமில்லை. உன் நலம் அறிய நான் ஆவல் காட்டியும் ஒன்பது வருஷம் ஆகிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற வியாழக்கிழமை உன் அண்ணியும் நானும் கோயில் யாத்திரை போகிறோம். பஸ் ஏற்பாடு செய்பவர் பத்து விதிகளை அச்சடித்து ஒரு தாள் கொடுத்தார். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், தாளில் உள்ளதை அப்படியே செய்துதான் பழக்கம். வெறுங்காலில் நடக்க வேண்டும் என்று இருந்தது. பழகிப் பார்ப்போமே என்று மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் நடந்தேன், இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டது. தோல் பொருள் ஆகாது என்று இருந்தது. பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன், களிம்புக்குக் கையை நீட்டின நேரம் பார்த்து பேன்ட் இறங்கிவிட்டது. கடைக்காரர், "சார், களிம்பு வேணுமா, கயிறு வேணுமா?"ன்னு கேக்கறார். உள்ளே போன் கூடாதாம். அதுக்கும் பழகலாம்னு ஒரு நாள் பூரா போனை பீரோவுல வெச்சுப் பூட்டினேன். அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து ஏழு தடவை கூப்பிட்டிருக்காங்க.

உன் அண்ணிக்கு வயிற்றில் கட்டி. பரவிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் இந்த மாசமே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், இவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "ரொம்ப நடிக்காதீங்க, என்கிட்ட முதல்லயே சொல்லிட்டார்" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் நின்றால்கூட ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

நேற்று பெட்டி அடுக்கும்போது பார்த்தால், தாளின் அடியில் பதினோராவது விதி ஒன்று முளைத்திருந்தது: 'மனத்தாங்கலோடு சன்னிதியில் நிற்கக் கூடாது. பேச்சு விட்டுப்போனவர்களிடம் பேசிவிட்டு வரவும்.' மற்ற பத்தும் அச்சு, இது பேனா. என் பெண்டாட்டி கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"இது நீ எழுதினதுதானே?"

"யார் எழுதினா என்ன? விதின்னா விதிதான். செய்யலைன்னா நான் பஸ் ஏற மாட்டேன்."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட சொந்தம், ரெண்டுவிட்ட சொந்தம் எல்லாம் இருந்தது, தாய்மாமன் பெயர் மட்டும் இல்லை. நாலு பேர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். அதை மன்னிப்பதாக இல்லை. உன்னை வா என்றும் கூப்பிடவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும். உன் மகளுக்கும் அவள் குழந்தைக்கும், கோபம் எதுவும் கலக்காத என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "மீதியையும் எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். அந்தப் பத்திரிகை எங்கள் அச்சகத்தில்தானே அடித்தது? அச்சேறும் முன் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். நீ எழுதிக் கொடுத்த தாளில் சொந்தங்கள் வரிசையில் என் பெயர்தான் முதலில் இருந்தது, அச்சுக் கோக்கும்போது விட்டுப்போயிருக்கிறது. மணமகள் பெயரைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, அதற்குக் கீழே நான் பார்க்கவே இல்லை. தப்பு என்னுடையது என்று அன்றைக்கே தெரியும். வெட்கத்தில் உன்மேல் பாய்ந்தேன். வியாழன் காலை ஆறு மணிக்கு பஸ். இவள் மூன்று இருக்கை சொல்லி வைத்திருக்கிறாள். மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "எனக்கப்புறம் உங்களோட சண்டை போட ஒரு ஆள் வேணாமா?" என்கிறாள். வந்துடு, தங்கச்சி.