குளித்துவிட்டுக் கடலுக்குப் போன மிதவை

மாலை ஐந்தே முக்காலுக்கு அண்டாவில் முதல் பிடி உப்பைப் போட்டேன். அந்த நிமிடத்தில்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. (கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எதையும் முறையாகச் செய்கிறவன்.)

கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளின் டிபன் டப்பா மூடியைத் தெருமுனைவரை ஓடிப்போய் அழுத்திவிட்டு வருவேன். இப்படிப்பட்டவனை நம்பி, கடலுக்கடியில் கேட்கும் சத்தங்களைப் பிடிக்கும் மிதவையை ஒப்படைத்தது யார் தப்பு என்று யோசித்து யோசித்துச் சலித்தே போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில், ஒரு கடல் ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். இந்த ஒரு பதிவு ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இருந்ததோ ஒரே மிதவை. அதன் அடியில் தொங்கும் மைக்கில் கேட்பதெல்லாம் ரேடியோ அலையாகக் கரைக்கு வரும். கரையில் டேப்பில் பதிவாகும். உப்புத் தண்ணீர் பட்டால்தான் பேட்டரிக்கு உயிர் வரும். வந்த உயிர் எட்டு மணி நேரம் நிற்கும். அப்புறம் செத்தது செத்ததுதான்.

‘கடலில் இடும்வரை நனைக்கக் கூடாது’ என்று கையேட்டில் போட்டிருந்தது. சோதித்துப் பார்க்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை. (மூன்று முறை படித்தேன்.)

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு அண்டாவில் மிதவை பிரமாதமாக வேலை செய்தது. கூடவே எடுத்து வந்திருந்த ரேடியோப் பெட்டியின் ஹெட்போனில், குழாய்ச் சொட்டு என் காதில் அருவியாக விழுந்தது. ஏழு வயது மகள் மலர் அண்டாவைத் தட்டினாள், இடி இறங்கியது.

“ஊறுகாய்க்கு வாங்கியாந்த கல்லுப்பு மொத்தமும் போச்சு” என்றாள் மனைவி.

துடைத்து மூலையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மிதவைதான் தூங்கவில்லை. உள்ளே தங்கிய உப்புத் தண்ணீரில் விடிய விடிய உழைத்து, தன் ஆயுளை முடித்துக்கொண்டது.

காலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து அதிகாரியின் ஜீப்பில் மரக்காணம் கடற்கரை. கடல் பார்க்க வேண்டும் என்று மலர் அடம்பிடித்ததால், மதியம் அவளை அழைத்து வரும்படி மனைவியிடம் சொல்லியிருந்தேன். (எந்த பஸ், எந்தப் பக்கம் உட்காருவது என்று சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன்.)

சத்தம் வந்தால் அதிகாரி கரையிலிருந்து வெள்ளைத் துண்டை ஆட்டுவார், வராவிட்டால் சிவப்பு. படகிலிருந்து மிதவையை இறக்கினேன். சிவப்பு. ஒயரை உலுக்கினேன். சிவப்பு. முருகனை வேண்டினேன். இன்னும் வேகமாகச் சிவப்பு.

படகுக்காரர் ஏழுமலை துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்தார்.

“கீழ கத்தாளை மீனு கூட்டமா கத்திக்கினு இருக்குது சார். எனக்கே கேக்குது. உங்க மிஷினுக்கு இன்னா, காது மந்தமா?”

நானும் காதை வைத்தேன். மழைக்காலத் தவளைகள் போலக் கேட்டது. படகு ஆடிய ஆட்டத்தில் உடனே வாந்தி எடுத்தேன்.

“நல்லா எடுங்க சார். தீனி கெடைச்சா அதுங்க இன்னும் ஜோராக் கத்தும்.”

கரையேறியபோது அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. “என்னய்யா ஆச்சு?”

“கம்பெனிக் கோளாறு சார்” என்றேன். நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“அப்படித்தான் இருக்கும். நீங்க ஜாக்கிரதையான ஆளாச்சே” என்றபடி, கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

வேலை நிரந்தரமாக மேலும் மூன்று வருடம் ஆனது. மலர் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் இன்றும் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்கிறேன். ராத்திரி கேஸ் மூடியிருக்கிறதா என்று எழுந்து பார்த்தால், “உப்பு போட்டுப் பாத்தாச்சா?” என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் கேட்கிறார்கள்.

அன்று அதிகாரி கடிதத்தில் கையெழுத்துப் போடப்போன நேரம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தாள் மலர். கடலைப் பார்க்கவில்லை. ஈரம் சொட்டிக்கொண்டிருந்த மிதவையைப் பார்த்தாள்.

“ஏம்பா, நேத்தே நம்ம அண்டாவுல உப்பு போட்டு அவ்ளோ நேரம் குளிப்பாட்டினியே, இன்னுமா அழுக்கு போவல?”