தொப்பி போட்ட பன்றிக்குட்டி

"அத்தை, இதை உள்ள விடமாட்டாங்க," என்றான் பக்கீசியோ. அவன் மடியில் ஒரு முழுப் பன்றிக்குட்டி, பொன்னிறமாக வாட்டியது.

"விடாட்டி கல்யாணத்தையும் விட்டுடலாம் மாப்ளே," என்றாள் போனாரியா.

ஆகஸ்டு மாதா திருநாளன்று கடற்கரையில் குடும்பத்தோடு உட்கார்ந்து தின்னாதவனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கம், அவளுக்குத் தெரிந்து இத்தாலியின் சார்தீனியாத் தீவில் இல்லை. மகள் அசுந்தாவுக்குப் பசி, கண் பன்றிக்குட்டி மேலேயே இருந்தது.

இந்தக் கடற்கரையில் பாதுகாக்கப்பட்ட மணலாம். வாசலில் ஆள் உயரத்துக்குத் தடைப் பலகை. புகைக்காதே, மணலை அள்ளாதே, சிப்பி பொறுக்காதே... பக்கீசியோ மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொண்டான். இத்தனையைத் தடுத்தவர்கள் சாப்பாட்டை மட்டுமா விட்டுவைப்பார்கள்? புத்திசாலிக்கு மூன்று வரி போதாதா!

பைகளைச் சோதித்தார்கள். எனவே பன்றிக்குட்டியைப் பெரிய குளியல் துண்டில் சுற்றி, தலையில் அசுந்தாவின் தொப்பியைக் கவிழ்த்து, தோளில் சாய்த்துக்கொண்டான். தட்டியும் கொடுத்தான்.

"அடடே, தூங்குதா?" என்றாள் வாசலில் நின்ற காவல்காரப் பெண்.

"இப்பதான் கண்ண மூடினான்."

"எண்ணெய் வடியுதே?"

"வெயிலுக்குப் பூசியிருக்கோம்."

"கால் இப்படிச் சிவந்திருக்கே!"

"அவன் தாத்தா ஜாடை."

போனாரியா பல்லைக் கடித்தாள். தாத்தா என்றால் அவள் புருஷனல்லவா?

"யாரோட குழந்தை?"

பக்கீசியோவுக்கு வேறு பதில் தோன்றவில்லை. "எங்க ரெண்டு பேரோடதுதான்," என்று அசுந்தாவைக் காட்டினான்.

வரிசையே வாயைப் பிளந்தது. "போன ஞாயித்துக்கிழமதானடி நிச்சயம் பண்ணீங்க போனாரியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ஊர்க்காரி ராய்முண்டா. அவள் காதில் விழுந்தது சாயங்காலப் பூசைக்கு முன்பே ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

"நல்லா கேட்டுக்கங்க! எங்க வீட்ல நடக்கறதெல்லாம் முறையாத்தான் நடக்கும்!" என்று கத்தினாள் போனாரியா. விருந்து போகட்டும், மகள் மானம் போகலாமா? தொப்பியைப் பறித்து எறிந்தாள். மொறுமொறுவென்று இரண்டு காதுகள் நிமிர்ந்து நின்றன.

பக்கீசியோ கண்ணை மூடிக்கொண்டான். பன்றியும் போச்சு, பெண்ணும் போச்சு.

காவல்காரப் பெண் குனிந்து மோந்து பார்த்தாள்.

"பன்னிய யாருங்க வேணாம்னா? தாராளமா கொண்டுபோய்த் தின்னுங்க. மணல் ஒட்டிக்கிட்டு வெளிய போயிடுதுன்னு இங்க தடை போட்டிருக்கறது, நீங்க சுத்தியிருக்கீங்களே, அந்தத் துண்டுக்குத்தான்."