சர்க்கரைக்குப் பன்மை கிடையாது

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அத்தான் சொன்னது. அதிர்ச்சி தீராமல் சொன்னதால் ஒன்றிரண்டு கூடியிருக்கலாம்.

அத்தான் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஃபோர்மேன் பதவிக்கு ஆங்கிலத் தேர்வு என்று அறிவித்துவிட்டார்கள். என் அக்கா பள்ளியில் ஆங்கில ஆசிரியைதான். ஆனால் கட்டிய மனைவியிடம் பாடம் கேட்பதைவிட இரும்பைத் தின்றுவிடலாம் என்பது அத்தானின் கொள்கை. இனிப்பைத்தான் தின்ன முடியாது. அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் கடுமையான தடை.

அந்த நேரம் பார்த்து, தெரியாத எண்ணிலிருந்து போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. எழுத்து வழி ஆங்கிலம். ஆசிரியரும் மாணவரும் முகம் காட்ட வேண்டாம். கட்டணமும் வேண்டாம். அத்தான் ரகசியமாகச் சேர்ந்துவிட்டார்.

முதல் பாடம், எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல். வீட்டில் உள்ள பொருள்களை வைத்து, உள்ளதை உள்ளபடி வாக்கியம் எழுதச் சொன்னார் ஆசிரியர். எங்கே இருக்கிறது என்றும் எழுதினால் கூடுதல் மதிப்பெண்.

அத்தானுக்கு மதிப்பெண் ஆசை. ஸ்கூட்டர் பெட்டிக்குள் சில சாக்லெட்டுகள் இருக்கின்றன என்று எழுதினார். மறுநாள் பெட்டி காலி. பழைய ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது என்று எழுதினார். ஹெல்மெட்டும் காலி. மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கடைசியாக மிஞ்சியது விசேஷத்துக்கு மட்டும் போடும் ஷூவுக்குள் ஒளித்த தேன் புட்டி. அதையும் எழுதினார். மறுநாள் காலை ஷூவுக்குள் கால் தடையில்லாமல் நுழைந்தது. அத்தான் நேரே சமையலறைக்குப் போனார்.

"வீட்டுல எலி இருக்கு."

"என்ன எடுத்துச்சாம்?"

"அது... பொதுவா எடுக்குது."

"பொதுவா எடுக்குற எலியை நான் பார்த்ததில்லையே. மூடியெல்லாம் திருகித் திறக்குமோ?"

"மூடியா? நான் மூடின்னு சொல்லவே இல்லையே."

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தேனை எண்ண முடியாதுங்க. நீங்க 'எ ஃபியூ ஹனி'ன்னு எழுதியிருந்தீங்க. 'எ லிட்டில்'னு திருத்தி அனுப்பியிருக்கேன், பார்த்துக்குங்க."

அத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கே நாற்காலி இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்ததாம்.

என்னிடம் சொல்லி முடித்தபோதும் முகம் வெளிறித்தான் இருந்தது. பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

"போகட்டும் மாப்ளே. வகுப்புல மூணாவது ரேங்க் எடுத்தேன். அதை உங்கக்காவால இல்லைன்னு சொல்ல முடியுமா?"

சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்று அக்காவின் இரண்டாவது போனை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது ரேங்க் உண்மைதான். வகுப்பில் படித்தது அத்தான் ஒருவர் மட்டுமே.