குளிர்கரத்தார் தொட்டால் விசிறி நிற்கும்

மடிக்கணினிக் கடையில் அன்று ஒரே தள்ளுமுள்ளு. விலைக்குறைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்கரத்தார் வந்திருந்தார்! கொதிக்கிற கணினிமேல் அவர் கை வைத்தால் உள்ளே இரைகிற விசிறி வாயை மூடிக்கொள்ளுமாம். பிறகு அவர் விற்கும் செப்புத் தகட்டை அடியில் ஒட்டினால், மின்கட்டணம் ஆயுசுக்கும் ஏறாதாம். நேரில் வர முடியாதவர்களுக்குப் போனிலேயே குளிர்ச்சி அனுப்புவாராம்.

கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றாள் பூச்சி. வாயில்லாப்பூச்சி என்று வீட்டில் வைத்த பெயர் தேய்ந்து பூச்சியாகியிருந்தது. அறிவியல் பட்டதாரி. மருந்து ஆராய்ச்சிக்கான மாபெரும் கணக்கு ஒன்றை, உலகெங்கும் பலர் துண்டு துண்டாகப் பங்கிட்டுத் தங்கள் கணினிகளில் இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். அவளும் துண்டு வாங்கிப் போட்டாள். பழைய கணினி இராப்பகலாக இரைந்தது. மின்கட்டணத்தைப் பார்த்த சித்தி அதைவிட இரைந்தாள்.

"புதுசு வாங்கித் தர்றேன். அதுவும் இப்படிக் கரண்டைக் குடிச்சா, உன் கணக்குக்கு அன்னைக்கே முழுக்கு."

பூச்சி கண் வைத்திருந்தது மூலையில் இருந்த ஒல்லிக் கணினி மேல். குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ராசஸர். சித்தி கண் வைத்தது குளிர்கரத்தார் கை காட்டிய தடியன் கணினி மேல். கடைக்காரர் எவர் தலையிலும் கட்ட முடியாமல் வைத்திருந்த சரக்கு.

"ப்ராசஸர்ல என்னம்மா இருக்கு? எல்லாம் மண்ணுதான்," என்றார் குளிர்கரத்தார். "தகடு ஒட்டினா தடியனும் பச்சைத்தண்ணியா ஓடும்."

பூச்சி சுவர்ப் பிளக்கில் செருகும் சின்ன மீட்டரைப் பையிலிருந்து எடுத்தாள். கடைக்காரரிடம் கேட்டு இரண்டு கணினிகளிலும் தன் கணக்கை ஏற்றினாள். தடியன் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தான். மீட்டர் எகிறியது.

குளிர்கரத்தார் கண்களை மூடி, இரண்டு கைகளையும் விசைப்பலகைமேல் விரித்தார். உதடுகள் முணுமுணுத்தன. இரண்டு விரல்கள் மட்டும் எதையோ தேடி ஊர்ந்தன. விசிறி கப்சிப்! மீட்டரும் சரசரவென்று இறங்கியது.

"பார்த்தியாடி! உன் மீட்டரே சாட்சி சொல்லுது!" சித்தி பூரித்துப்போனாள். தகட்டுக்குக் கைகள் நீண்டன.

கூட்டி வந்த சாட்சியே கட்சி மாறிவிட்டதே! பூச்சி பரிதாபமாகத் திரையைப் பார்த்தாள். கணக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை, நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு பச்சை இலை முளைத்திருந்தது.

"சித்தி… வேலையும் குறைஞ்சிருச்சு."

"சத்தமாச் சொல்லு."

பூச்சி குரலை உயர்த்தினாள். "வேலை செய்யாம உக்காந்திருக்கு. அதான் கரண்ட் குறைஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சித்தப்பா மாதிரி."

சித்திக்குச் சிரிப்பு பீறிட்டது. சித்தப்பாவை ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மின்சிக்கன முறையின் அடையாளமான அந்த இலையைப் பூச்சி தட்டி அணைத்தாள். தடியன் மறுபடி இரைந்தான். மேசையிலிருந்த டீத் தட்டை எடுத்து விசைப்பலகைமேல் கவிழ்த்தாள்.

"ஐயா, இப்போ கை வைங்க."

"கதிர் தடைபடும் பாப்பா."

"ஏங்க, போன்ல ஊரு விட்டு ஊரு போற கதிர், டீத் தட்டைத் தாண்டாதா?" என்றாள் சித்தி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் தட்டின்மேல் கை வைத்தார். அவர் முணுமுணுப்பு ஏற ஏற, விசிறியும் சளைக்காமல் இரைந்தது.

பூச்சி தட்டை எடுத்தாள். "சித்தி, அவர் விரல் தேடிப்போன இந்த ரெண்டு விசையையும் சேர்த்து அமுக்குங்க."

சித்தி அமுக்கினாள். கப்சிப்!

"ஐயையோ! எனக்கும் சக்தி வந்துருச்சு!"

அவ்வளவுதான். சக்தி பெறுவதற்கு வரிசை நின்றது. தொப்பிக்காரர் ஒருவர் அமுக்கினார், கைக்குழந்தை ஒன்று அமுக்கியது. எல்லாருக்கும் அருள் கிடைத்தது. குளிர்கரத்தார், தான் நிறுத்திய விசிறிபோலவே சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்.

"சரி, எதைத்தான் வாங்குறது?" என்றாள் சித்தி.

"ஒரே அளவு கரண்டைக் குடிச்சிட்டு எது அதிக வேலை முடிக்குதுன்னு பாருங்க. தடியன் வேகம்தான், ஆனா பெருந்தீனி."

இரண்டையும் முழு மூச்சில் ஓடவிட்டு, சித்தி தானே குனிந்து மீட்டரையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒல்லி ஜெயித்தது. பூச்சி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் தொப்பிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு செப்புத் தகட்டை உருவியபடி வந்தார். "ஏம்மா, இந்தத் தகட்டை ஒல்லிக்கு ஒட்டினா இன்னும் கொஞ்சம் குறையுமா?"

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

கணினியைச் சோம்பவைக்க இரண்டு விசை அமுக்க வேண்டியிருக்கிறது. நம் மூளைக்கு ஒரு தகடு போதும். மூளையைக் கொஞ்சம் ஓட விடுங்களேன், அய்யா! எவ்வளவு ஓடினாலும் மின்கட்டணம் ஏறாது.