ஜப்பான் கேட்காத நான்காவது ஆல்பம்

பாட்டு முடியவில்லை என்பதற்காகக் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை நிறுத்திய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். திண்ணனூர் நாட்டு மலையூர்களில் அவரை ஜப்பான் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும்.

நான் அப்போது மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திங்கட்கிழமை தவறாமல் அடிவாரத்திலிருந்து அவர் ஜீப்பில்தான் மேலே போவேன். சாமை, தினையை ஆராய வந்த ஒரு ஜப்பான் பெண் அவர் ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போகும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் அவள் நாட்டு ஜாஸ் ஃப்யூஷன் குழு ஒன்றின் முதல் நான்கு ஆல்பங்கள் இருந்தன. கிடார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் உண்டு. பாடத்தான் ஆள் கிடையாது. அரிசி மூட்டையோடு ஏறும் பெரியவர்கள், இதோ பாடுவார்கள் என்று காத்திருப்பார்கள். ஒருவர் இறங்கும்போது, "பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள ஊடு வந்துருச்சுங்க" என்று வருத்தப்பட்டார்.

ஆல்பங்களை வரிசைப்படிதான் போடுவார். முதல் ஆல்பம் ஊருக்குப் பிடிபட்ட பிறகே இரண்டாவது. மலையேறும்போது குமட்டுகிறவர்களுக்கு மற்ற டிரைவர்கள் எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். இவர் தாளம் கொடுத்தார். டிரம்ஸ் அடிக்கு ஏற்றபடி சாய்ந்தால் வாந்தி வராது என்பது அவர் வைத்தியம். ஜீப்பே இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டு மலையேறும். வாந்தி நிற்கவில்லை, தாளம் தப்பாமல் எடுத்தோம்.

கிடார் தனியாகக் கொஞ்சும் இடத்தில் என்ஜின் சத்தம் ஆகாது என்று வளைவோரமாக நிறுத்திவிடுவார். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஒருமுறை இறங்கி வந்து சண்டை பிடித்தார். "இருங்க சாமி, இன்னும் கொஞ்சந்தான்" என்று அவரையும் நிற்கவைத்துக் கேட்கச் செய்தார் ஜப்பான்.

ஆனால் அவர் உயிரையே வைத்திருந்தது டிரம்ஸ்காரன் மேல். பாட்டு ஓடும்போது ஜீப் ஸ்டீரியோவின் சின்னத் திரையில் வரும் அட்டைப் படத்தில் சுருட்டை முடியோடு சிரிப்பான். மூன்று ஆல்பம் முடிந்து நான்காவதற்கு வந்தோம். படத்தில் சுருட்டை முடியைக் காணோம். வேறொரு கண்ணாடிக்காரன் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜப்பான் பட்டென்று அணைத்தார்.

"அவன் எங்கீங்க டீச்சர்?"

விலகியிருப்பான், குழு என்றால் ஆள் மாறுவது சகஜம்தான் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஆளை மாற்றிய ஆல்பத்தைக் கேட்பது துரோகம் என்று சொல்லி, முதல் ஆல்பத்துக்கே திரும்பிவிட்டார். எனக்கு மாற்றல் வரும்வரை நான்காவது ஓடவே இல்லை.

போன ஆடி மாதம் கோயிலுக்காக மலையேறினேன். ஜீப்பை அவர் மச்சான் ஓட்டினார். ஜப்பான் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது என்றார் மச்சான். ஏதோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டானால் அவருக்கு என்ன?

என்னை அடையாளம் கண்டு திரும்பி உட்கார்ந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"அந்தக் கண்ணாடிக்காரன் பாவமுங்க டீச்சர். புதுசா வந்தவன். நல்லா அடிச்சானோ என்னமோ, ஒரு வளைவுகூட நான் அவனுக்குக் குடுக்கலீங்க."

பென் டிரைவ் இன்னும் டாஷ்போர்டு டப்பாவில்தான் கிடந்தது. மச்சானிடம் சொல்லி நான்காவது ஆல்பத்தைப் போட வைத்தேன். திரையில் கண்ணாடிக்காரனைப் பார்த்ததும் ஜப்பான் கதவிலிருந்த ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தார். என்ஜின் அதிர்வில் ஒன்றும் பிடிபடவில்லை; உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வளைவில் நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொன்னேன்.

மறுபடி உள்ளங்கையை ஸ்பீக்கரில் அழுத்தினார். பிறகு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். ஒரு அடிகூடத் தப்பவில்லை.

"நல்லாத்தான் அடிக்கறானுங்க டீச்சர்" என்றார்.

பின்னால் பஸ் ஹாரன் அலறியது. நான் இறங்கிப் போய் டிரைவரிடம் சொன்னேன்: "இருங்க சாமி, இன்னும் கொஞ்சந்தான்."