முடிந்தபாடில்லாத ‘டேக்’

‘டேக்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அறுபத்திரண்டு பொருள், அறுபத்திரண்டு அட்டை. அறுபத்தோரு அட்டைகளில் கையெழுத்து விழுந்துவிட்டது. அகராதி அலுவலகத்து விதி அப்படி: சொல்லை அந்தப் பொருளில் தன் வாயால் பேசுகிற ஒருவர் அட்டையின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ‘மருந்து உட்கொள்ளுதல்’ ஒன்றுதான் பாக்கி. மாலை ஐந்துக்குள் அட்டைக்கட்டை ஒப்படைத்தால், ஆறு வருடத் தற்காலிக உதவியாளர் நிரந்தரமாகிவிடலாம்.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், இருமிக்கொண்டிருந்த மச்சானிடம் அட்டையை நீட்டினார்.

“‘டேப்லெட் டேக் பண்ணேன்’னு சொல்லி, ஒரு கையெழுத்துப் போடுங்க மச்சான்.”

“மாத்திரை போட்டேன்னுதான் சொல்லுவேன். லாரிக்காரனுக்கு என்னங்க, ‘டேக் டைவர்ஷன்’தான்!”

உதவியாளருக்குப் பகீரென்றது. ‘மாற்றுவழி செல்லுதல்’ பட்டியலில் இல்லை. புதுப்பொருள் அகப்பட்டால் புது அட்டை, அதற்கு மூன்று பேர் கையெழுத்து. மச்சான் ஒன்று போட்டார்.

பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் ஓடினார்.

“மாத்திரையை யாருங்க டேக் பண்றா? நாங்க பி.பி.யைத்தான் டேக் பண்ணுவோம். உட்காருங்க, பாத்துடலாம்.”

பி.பி. எகிறியிருந்தது. அட்டையும் ஒன்று ஏறியது: ‘அளத்தல்’. நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள்.

“நான் சொல்றதை என்னைக்காவது சீரியஸா டேக் பண்ணியிருக்கீங்களா?”

உதவியாளர் ‘மதித்தல்’ என்று எழுதி அட்டையை அவள் முன் வைத்தார்.

“உங்களுக்குக் கல்யாணத்தன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அதுவே போதும்!”

ஐந்து மணிக்குப் பதிப்பாசிரியர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“காலையில ஒரு கையெழுத்துதான் குறையுதுன்னீங்க?”

“இப்போ எட்டு ஐயா. அட்டையும் மூணு கூடிப்போச்சு. தேடத் தேட வளருது. மன்னிச்சிடுங்க.”

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நிதானமாகக் கையெழுத்திட்டார்.

“நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்.”

வெளியே வந்த உதவியாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த அட்டெண்டரைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணே, நான் முடிக்கவே இல்லையே! எப்படிக் கொடுத்தார்?”

அட்டெண்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அகராதியில பாக்கி இந்த ஒரு சொல்லுதான் சார். இது முடிஞ்ச மறுநாளே ஆபீஸை இழுத்து மூடச் சொல்லி உத்தரவு வந்து மூணு வருஷமாச்சு!”